வேண்டாத நினைப்புகளுக்கு ஒரு கணக்கு நோட்டு: படிப்படியான வழிகாட்டி

ஆத்தா இடுப்பு எலும்பு முறிந்து படுத்த வருஷம், சென்னை வேலையை விட்டுவிட்டு காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தேன். முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் கேட்காது, அவ்வளவு நீளமான வீடு. ஐந்து பங்காளிகளுக்குப் பொது. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் கலகலவென்று இருக்கும். மற்ற நாட்களில் ஆத்தாவும் நானும் மட்டும்தான்.

பகல் எப்படியோ ஓடிவிடும். விளக்கை அணைத்துவிட்டு வளவில், அதாவது உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், படுத்ததும் நினைப்புகள் ஒவ்வொன்றாக வரும். வேலையை விட்டது தப்பு. இனி நான் எதற்கும் ஆக மாட்டேன். ஆத்தாவையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளவில்லை. விடியும்வரை இதே சுற்றுதான்.

இடையில் மனநல மருத்துவரிடம் போனேன். நிறையப் படித்தேன். பலவற்றைச் செய்து பார்த்துச் சிலவற்றைக் கைவிட்டேன். கையில் நின்றவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். எல்லாமே சின்னப் பழக்கங்கள்தான். வீட்டில் இருந்தபடியே, காசு செலவில்லாமல் செய்யலாம்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியது

அன்றாடக் கவலை, சோர்வு, தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றுக்கு இந்தப் பழக்கங்கள் உதவும். ஆனால் மனச்சோர்வோ, எதிலுமே பிடிப்பில்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க நீடித்தால், கூடவே தூக்கமும் பசியும் கெட்டால், அன்றாட வேலையே ஓடவில்லை என்றால், மருத்துவரைப் பாருங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. இந்த இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்கத் தெம்பு இருக்காது.

மருத்துவரிடம் போவதற்கு நான் நான்கு மாதம் தயங்கினேன். ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுதான் காரணம். அந்த நான்கு மாதமும் வீணாகத்தான் கஷ்டப்பட்டேன்.

நினைப்பை விரட்டாதீர்கள்

"அதையெல்லாம் நினைக்காதே" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் அது நடக்காது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியடிக்க வேண்டும் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க விட்டவர்களைக் காட்டிலும் இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. அமுக்க அமுக்க நினைப்பு திரும்பி வரும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

அதனால் நினைப்பு வந்ததும் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். "நான் எதற்கும் ஆக மாட்டேன்" என்பதை, "'நான் எதற்கும் ஆக மாட்டேன்' என்ற நினைப்பு வந்திருக்கிறது" என்று வாய்விட்டே சொல்லிப் பாருங்கள். முதலில் செயற்கையாக இருக்கும். நான்கைந்து நாளில் பழகிவிடும். நினைப்பு போய்விடாது. உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி கிடைக்கும், அடுத்த வேலைகளுக்கு அது போதும்.

நெஞ்சு படபடக்கும்போது: காலும் மூச்சும்

சில சமயம் நினைப்பு வெறும் நினைப்பாக நிற்காது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும், தொண்டை அடைக்கும். அந்த நேரத்தில் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். முதலில் உடம்பைச் சமாதானப்படுத்த வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நில்லுங்கள். எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின் மேல் சாயமும் சிமெண்டும் மணலும் ஊற்றிக் கையால் செய்த கல், சூளையில் சுடாதது. சித்திரை வெயிலிலும் வளவு நிழலில் உள்ளங்காலுக்குச் சில்லென்று இருக்கும். கட்டைவிரல், குதிகால், பாதத்தின் நடுப்பகுதி என்று ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குளிர்ச்சி எப்படிப் படுகிறது என்று கவனிப்பேன். பிறகு கல்லில் உள்ள பூவைப் பார்ப்பேன். கையால் ஊற்றிய சாயம் என்பதால் எந்த இரண்டு பூவும் ஒன்றுபோல இருக்காது. ஓர் இதழ் கொஞ்சம் வழிந்திருக்கும், இன்னொன்று மெலிந்திருக்கும். ஐந்து கல்லைப் பார்த்து, என்ன வித்தியாசம் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். உங்கள் வீட்டில் சிமெண்டுத் தரையோ மொசைக்கோ இருக்கலாம், அதனால் ஒன்றும் இல்லை. காலில் படுவதையும் கண்ணில் படுவதையும் ஒவ்வொன்றாகக் கவனிப்பதுதான் முக்கியம்.

அப்படி நின்றபடியே மூச்சு. மனதுக்குள் நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐந்து நிமிஷம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

சரியான பெயர் வையுங்கள்

"மனசு சரியில்லை." நாம் எல்லாவற்றுக்கும் இதையே சொல்கிறோம். கணவர் கேட்டாலும் இதுதான், மருத்துவர் கேட்டாலும் இதுதான். ஆனால் தமிழில் உணர்வுகளுக்கு எத்தனை நுணுக்கமான சொற்கள் இருக்கின்றன! கிடைக்காத ஒன்றை நினைத்து வருவது ஏக்கம். கை மீறிப் போனதைத் தாங்க முடியாமல் தவிப்பது ஆற்றாமை. சொந்தத்துக்குள் ஒருவர் செய்ததை வெளியே சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வது மனத்தாங்கல். இன்னும் அச்சம், அவமானம், குற்ற உணர்வு, சலிப்பு, வெறுமை, பொறாமை, தனிமை. இவை ஒன்றுக்கொன்று நிறைய வேறுபட்டவை, ஒவ்வொன்றுக்கும் மருந்தும் வேறு. தனிமைக்கு ஆள் வேண்டும், சலிப்புக்கு வேலை வேண்டும், குற்ற உணர்வுக்கு ஒரு மன்னிப்போ பரிகாரமோ வேண்டும். மூன்றையும் "மனசு சரியில்லை" என்று ஒரே பானைக்குள் போட்டு மூடினால் எதை எடுப்பது?

2007-இல் அமெரிக்காவில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஓர் ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகப் படங்களைக் காட்டி, அந்த உணர்வுக்குப் பொருந்தும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சொல்லைத் தேர்ந்தபோது, பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு குறைந்தது. எனக்கு ஆய்வைவிட அனுபவம்தான் பெரிய சாட்சி. ஒரு நாள் ஆத்தாவின் மேல் வந்தது கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து யோசித்தால் அது பயம். ஆத்தா இல்லாமல் போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும் என்ற பயம். அது தெரிந்ததும் அன்றைக்கு ஆத்தாவிடம் பேசிய குரலே மாறிவிட்டது.

கணக்கு நோட்டு

எனக்கு அதிகம் உதவியது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் கணக்குப் பார்த்தவர். அவர் எழுதிய பேரேடு ஒன்று இன்னும் பெட்டகத்தில் இருக்கிறது. மேலே சிவமயம், அதன் கீழே வரி வரியாகப் பற்றும் வரவும். "கேள்விப்பட்டதைக் கணக்கில் ஏற்றக் கூடாது" என்று அவர் சொல்வாராம், அப்பத்தா சொல்லியிருக்கிறார்கள். கைக்கு வந்ததும் கையை விட்டுப் போனதும்தான் கணக்கு.

1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையிலும் இதே போன்ற ஓர் ஏடு உண்டு. ஒரு நினைப்பைத் தாளில் எழுதி, அதற்கு ஆதரவாக என்ன நடந்தது, எதிராக என்ன நடந்தது என்று பிரித்துப் பார்ப்பார்கள். மருத்துவர் எனக்கு அந்த அட்டவணையைக் கொடுத்தபோது ஐயாவின் பேரேடுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து எனக்கு அது பற்று வரவு நோட்டு.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். அன்றிரவு எழுதிய பக்கத்தை அப்படியே தருகிறேன்.

நடந்தது: கல்யாண வீட்டு முகப்பில் அயித்தை என்னைப் பார்த்தார்கள். "வாங்க" சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்கள்.

நினைப்பு: வேலை இல்லாமல் வந்து உட்கார்ந்திருப்பதால் எல்லோரும் என்னைக் கீழாகப் பார்க்கிறார்கள்.

உணர்வு: அவமானம், நூற்றுக்கு 80. மனத்தாங்கல், 60.

பற்று, அதாவது நினைப்பு சரிதான் என்று காட்டுபவை: "வாங்க" சொல்லவில்லை. போன மாதம் நான் கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை.

வரவு, அதாவது அப்படி இல்லை என்று காட்டுபவை: அப்போது உள்ளேயிருந்து யாரோ அயித்தையைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். வாசலில் இருந்த மற்ற ஏழெட்டுப் பேரும் "வாங்க" சொன்னார்கள். சாப்பிட்டு எழுந்ததும் "ஆத்தாளுக்குக் கொண்டு போ" என்று மனகோலமும் மாவுருண்டையும் கட்டிக் கொடுத்தது அதே அயித்தைதான். என் வேலையைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இருப்பு: அயித்தை அந்த நேரம் வேறு கவனத்தில் இருந்திருக்கலாம். "எல்லோரும்" என்று நான் சொன்னது ஒரே ஒருவரை. வேலையைப் பற்றி எனக்கே உள்ளூரக் கவலை இருக்கிறது.

உணர்வு, எழுதி முடித்தபின்: அவமானம் 35. மனத்தாங்கல் 20.

எங்கள் பக்கம் "வாங்க" என்ற சொல்லுக்கு என்ன எடை என்பது இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். எதிரியே வீட்டு வாசலுக்கு வந்தாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதனால் அது வலித்ததில் தப்பில்லை. அந்த ஒரு சொல்லிலிருந்து என் மொத்த வாழ்க்கைக்கும் நானே தீர்ப்பு எழுதியதைத்தான் நோட்டு காட்டிக் கொடுத்தது.

எழுதும்போது சிலவற்றைக் கவனியுங்கள். "நடந்தது" என்ற இடத்தில், கேமரா வைத்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள். "முறைத்தார்" என்பது உங்கள் முடிவு, "பார்த்தார்" என்பதுதான் நடந்தது. எல்லோரும், எப்பவும், ஒருநாளும், எதுவுமே போன்ற சொற்கள் வந்தால் அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும். இருப்பில் இனிப்பான பொய் எழுதாதீர்கள். "எல்லோருக்கும் என்மேல் உயிர்" என்று எழுதினால் மனது நம்பாது, அடுத்த நாள் நோட்டையே தொடத் தோன்றாது. உணர்வு சைபருக்கு வர வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். 80-லிருந்து 50-க்கு வந்தாலே அன்றிரவு தூங்கலாம்.

சில நாள் கணக்குப் பார்த்தால் நினைப்பு சரி என்றே வரும். "ஆத்தாவிடம் எரிந்து விழுகிறேன்" என்று ஒரு நாள் எழுதினேன். பற்றுப் பக்கம் நிரம்பிவிட்டது, வரவில் ஒன்றும் இல்லை. அதை மழுப்பவில்லை. எப்போது எரிந்து விழுகிறேன் என்று பார்த்தால், ஆறு நாளில் ஐந்து நாள் காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள். ஆத்தாவைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமையலும் முடிக்க வேண்டிய நேரம். ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் கூட நிற்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தேன். நினைப்பு உண்மை என்றால் அதை ஒரு வேலையாக மாற்றுங்கள்.

தினமும் எழுத வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று பக்கம், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிஷம். போனில் எழுதுவதைவிடக் கையால் எழுதுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். போனில் நடுவே வாட்ஸாப் வந்து நிற்கும்.

கவலைக்கு ஒரு நேரம்

மாலை ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை என் கவலை நேரம். பகலில் ஒரு கவலை வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு சொல் குறித்துக்கொண்டு, "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று வேலையைத் தொடர்வேன். ஐந்தரைக்கு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து சீட்டுகளைப் பிரிப்பேன். பாதிக்கு மேல் அதற்குள் வலுவிழந்திருக்கும். மீதியில் செய்யக்கூடியது எது, செய்ய முடியாதது எது என்று பிரித்துவிட்டு எழுந்துவிடுவேன். படுக்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கைக்கும் காலுக்கும் வேலை

மனது சரியானதும் வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். சோர்வு வந்தால் நாம் வேலையைக் குறைக்கிறோம், குறைத்ததால் மகிழ்ச்சி தரும் சின்ன விஷயங்களும் நின்றுபோகின்றன, அதனால் சோர்வு கூடுகிறது. இந்தச் சுழலை வேலைப் பக்கத்திலிருந்துதான் உடைக்க முடியும். மனம் இல்லாவிட்டாலும் பத்து நிமிஷம் செய்யுங்கள். பத்து நிமிஷம் ஆனதும் நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான் விடிகாலையில் ஊருணியைச் சுற்றி நடப்பேன். கோடையில் ஏழு மணிக்கு மேல் நடக்க முடியாது, அதனால் ஐந்தே முக்காலுக்கே கிளம்பிவிடுவேன். காலை வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது, இரவுத் தூக்கத்துக்கும் அது உதவி.

கைவேலை ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி எனக்குக் கொட்டான் என்ற ஓலைக்கூடை முடையச் சொல்லிக் கொடுத்தார்கள். பனங்குருத்தை ஒரே அகலத்துக்குக் கிழித்து, நனைத்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்துக்கொண்டே போக வேண்டும். ஓர் ஓலை தப்பினால் அடுத்த வரிசையிலேயே தெரிந்துவிடும், பிரித்துவிட்டு மறுபடி கோக்கலாம். கண்ணும் விரலும் அதில் இருக்கும்போது மனதுக்குச் சுற்ற இடம் கிடைப்பதில்லை. எனக்கு முதல் கொட்டான் கோணலாகத்தான் வந்தது. அதில்தான் இப்போது ஆத்தாவின் மாத்திரைகள் இருக்கின்றன. கோலம், பூக்கட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது எதுவானாலும் சரி.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான். பசியோடு இருக்கும்போது எந்தக் கவலையும் ஒரு மடங்கு பெரிதாகத் தெரியும்.

உங்களோடு நீங்கள் பேசும் பேச்சு

சின்ன வயதில் பாத்திரத்தைப் போட்டு உடைத்துவிட்டு நின்றால் அப்பத்தா, "போகட்டும் விடு ஆத்தா, காலில் குத்தலையே?" என்றுதான் கேட்பார்கள். நானோ நாற்பது வயதில் பால் பொங்கி வழிந்ததற்கு, "உனக்கு இதுகூடத் தெரியலையா" என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இதே தப்பை உங்கள் அக்கா மகள் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள்? அதே சொற்களை, அதே குரலில், நெஞ்சில் கை வைத்து உங்களுக்குச் சொல்லுங்கள். நான் அப்பத்தாவின் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். முதல் தடவை சொன்னபோது அழுகை வந்தது. வந்தால் வரட்டும்.

இரவு

இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். மணி பார்க்க வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து துணி மடிக்கலாம், பழைய பத்திரிகை புரட்டலாம். கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். படுக்கை என்றாலே புரள்வது என்று உடம்பு பழகிவிடக் கூடாது. காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக ஐந்து மணி நேரம் கழித்தும் குடித்த காஃபீனில் பாதி உடம்பில் இருக்கும். எனக்கு நான்கு மணிக் காபியை விடுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. இப்போது சுக்கு மல்லிக் காபி.

கேட்க ஓர் ஆள்

ஒரே ஓர் ஆள் போதும். யார் என்று தேர்ந்தெடுக்கும்போது நெருக்கமான சொந்தத்தைவிட, கேட்டதை வெளியே சொல்லாதவர் யார் என்று பாருங்கள். பேசுமுன் என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: "எனக்கு யோசனை எதுவும் வேண்டாம், பத்து நிமிஷம் கேட்டால் போதும்." இதைச் சொல்லாமல் ஆரம்பித்தால், "உனக்கென்ன குறை, வீடு இருக்கு வாசல் இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்வதற்கு முன்னால் இதைப் படிக்கும் அண்ணன்மார்களும் சித்தப்பாமார்களும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். ஆண்களிடம் இதை யாரும் கேட்பதே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். ஒன்றை மட்டும் எடுங்கள். மூச்சோ நடையோ எளிது. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு அதைச் சேர்த்துக் கட்டுங்கள்: பல் துலக்கியதும் நடை, விளக்கேற்றியதும் மூச்சு.

பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 நாள் நூல் எடுத்து வைப்போம். ஒரே நாளில் 21 இழையும் எடுப்பதில்லை. ஆனால் 21 நாளில் பழக்கம் பதிந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்றும் கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

போன வாரம் ஆத்தாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் நடக்கவில்லை, நோட்டும் எழுதவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. விட்ட மூன்று நாளையும் சேர்த்து எழுத உட்காரவில்லை. அன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்கு நடந்ததை மட்டும் எழுதினேன்.